ஆர்தர் ஃபாஸ் எந்தக் காலத்துக் கப்பல்?

அன்புள்ள ஐயா,

சியாட்டிலில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, லேக் யூனியன் கரையில் ‘ஆர்தர் ஃபாஸ்’ என்ற பழைய இழுவைக் கப்பலைப் பார்த்தேன். 1889இல் கட்டியது என்றார்கள். ஆனால் எஞ்சின் 1934ஆம் ஆண்டினது. பெயரும் பிற்பாடு வைத்தது. பழைய நீராவி எஞ்சினையே பொருத்தி, முதலில் இருந்தபடி ஆக்கியிருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி ஆக்காததே சரி என்று நினைக்கிறேன். இன்று செய்து வைக்கும் நீராவி எஞ்சின் நம் காலத்துப் பொருளாகத்தான் இருக்கும். அதை வைப்பதற்காக, உண்மையிலேயே அக்கப்பலில் உழைத்த எஞ்சினை வெளியே எடுக்க நேரும்.

போர்ட்லண்டில் ‘வாலோவா’ என்ற பெயருடன் கட்டப்பட்ட இந்த மரக்கப்பல், கொலம்பியா ஆற்று முகத்துவாரத்தின் ஆபத்தான மணல்திட்டைக் கடந்து பாய்மரக் கப்பல்களை இழுத்துச் செல்வதற்காக உருவானது. பாய்மரக் கப்பல்கள் குறைந்ததும் அந்த வேலையும் போயிற்று. 1898இல் தங்கம் தேடிப் போனவர்களின் காலத்தில் அலாஸ்காவுக்குச் சென்றது. பிறகு வெட்டுமரங்களை இழுத்தது. 1929இல் ஃபாஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1934இல் அதைப் பெரிய அளவில் மாற்றிக் கட்டி, 700 குதிரைத்திறன் கொண்ட வாஷிங்டன் டீசல் எஞ்சினைப் பொருத்தி, இன்றைய பெயரையும் சூட்டினார்கள். அந்த எஞ்சினோடுதான் அது போர்க்காலத்தில் கடற்படைப் பணி செய்தது, 1968 வரை உழைத்தது.

தாங்கள் பார்த்த அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் பின்னோக்கிச் செல்வதற்கென்று தனிப் பல்சக்கரம் கிடையாது. கப்பல் பின்வாங்க வேண்டுமானால் எஞ்சினையே நிறுத்தி, வால்வுகள் திறக்கும் வரிசையை மாற்றி, அழுத்தக் காற்றைச் செலுத்தி எதிர்த்திசையில் மீண்டும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முறை ஓட்டத் தொடங்கும்போதும் தொட்டியில் காற்று குறையும். அது தீர்ந்துவிட்டால், பெரிய கப்பலொன்றை ஒட்டி நிற்கும் நேரத்தில் எஞ்சின் கிளம்பாமல் போகலாம். எனவே மேலே சுக்கானைப் பிடித்திருந்த கேப்டன் ஒவ்வொரு கட்டளையையும் எண்ணித்தான் கொடுத்திருப்பார். கீழே இருந்த எஞ்சினியருக்கோ வெளியே தண்ணீரும் தெரியாது, கரையும் தெரியாது. மேலிருந்து வரும் மணியோசையை நம்பித்தான் அவர் நெம்புகோலைத் தள்ளினார்.

மறுமுறை செல்லும்போது, அனுமதி கிடைத்தால், கீழே இறங்கி அவர் நின்ற இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள்.