போஹோ வீட்டுக்கு ஜமக்காளமும் பாயும் பிரம்பும்: கேள்வி பதில்

அக்கா, ஹாலை போஹோ ஸ்டைலில், அதாவது பல நிறத் துணிகளும் கைவினைப் பொருள்களும் கலந்த அலங்காரத்தில், மாற்ற ஆசை. ஆனால் மொராக்கோ கம்பளம் எல்லாம் கட்டுப்படியாகாது. வாடகை வீடு வேறு.

மொராக்கோ வரைக்கும் எதற்குப் போக வேண்டும்? பவானி ஜமக்காளம் ஒன்று விரியுங்கள். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக, போஹோவுக்கு வேண்டிய நிறமெல்லாம் அதிலேயே இருக்கிறது. அந்த நிறங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு குஷன் உறையிலோ திரையிலோ இன்னொரு முறை வரவையுங்கள். மற்றதெல்லாம் வெளிர் நிறமாக இருக்கட்டும். பத்து விதமான துணியை அள்ளிப் போட்டால் ஜவுளிக்கடை மாதிரிதான் இருக்கும்.

1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமக்காளம் கைத்தறியில் மட்டுமே நெய்வதற்கு ஒதுக்கப்பட்ட ரகம். ஆனாலும் விசைத்தறிச் சரக்கு அதே பெயரில் விற்பனைக்கு வருகிறது. கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டலாமா? விலையைப் பார்த்தால் தரையில் போட மனசு வரவில்லை.

தாராளமாக மாட்டலாம். விலைக்குக் காரணம் அதில் இருக்கும் வேலை. தாமிரபரணிக் கரைக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, ஊசி போல மெல்லிசாகக் கிழித்துச் சாயம் ஏற்றி, நூல் பாவில் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில்) நெய்கிறார்கள். நயமான பட்டுப் பாயைத் தொட்டுப் பார்த்தால் துணியா, புல்லா என்றே சந்தேகம் வரும். ஒரு பாய்க்கே வாரக்கணக்கில் ஆகும்.

ஈரம் ஏறும் சுவர் மட்டும் வேண்டாம், பூசணம் பிடித்துவிடும். மேலும் கீழும் மரச்சட்டம் கொடுத்துத் தொங்கவிடுங்கள், பாயிலேயே ஆணி அடிக்காதீர்கள். எடுத்து வைக்கும்போது சுருட்டித்தான் வைக்க வேண்டும். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில்தான் கோரை முதலில் உடையும்.

சுங்குடித் திரைச்சீலை என்று வாங்கினேன். நிஜமாகவே முடிச்சுப் போட்டதா, அச்சா?

புள்ளிகளை உற்றுப் பாருங்கள். கையால் முடிந்து சாயம் போட்ட துணியில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும், முடிச்சு இருந்த இடத்தில் லேசான சுருக்கமும் தெரியும். எல்லாப் புள்ளியும் ஒரே அச்சாக, பின்பக்கம் வெளுத்துத் தெரிந்தால் அச்சுதான். அச்சும் பார்க்க அழகுதான், முடிச்சு விலை கொடுக்காமல் இருந்தால் சரி.

தாத்தாவின் பிரம்பு நாற்காலி, உட்காரும் இடம் தொய்ந்துவிட்டது. தூக்கிப் போடச் சொல்கிறார்கள், அக்கா.

போடாதீர்கள்! நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீர்த் துணியால் நன்றாக நனையுங்கள். நிழலில் காற்றாடக் காயட்டும், அதுவரை யாரும் உட்காரக் கூடாது. இழை அறுந்திருக்காவிட்டால் காயும்போது பின்னல் இறுகிவிடும். அறுந்திருந்தால் பிரம்பு பின்னுபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

காரைக்குடியில் பழைய தேக்கு அலமாரி பார்த்து வைத்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பளபளப்பைப் பார்க்காதீர்கள், அது போன வாரம் பூசிய பாலிஷாக இருக்கலாம். இழுப்பறையை வெளியே எடுத்து உள்விளிம்பைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். அப்புறம் கால்களுக்கு அடியில் மாவு மாதிரி புதுத் தூள் உதிர்ந்திருந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். விலையைக் குறைத்தாலும் வாங்க வேண்டாம், வீட்டில் இருக்கும் மற்ற மரத்துக்கும் பரவும்.