எல்லை இருக்கட்டும், இறுக்கம் வேண்டாம்

கேள்வி: மோட்டோ ஜிபி பந்தயங்களில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் இத்தனை லீற்றர் பெற்றோல்தான் என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்களே, இது தேவைதானா? யார் வேகமானவர் என்று பார்ப்பதற்குத்தானே பந்தயம்? சிக்கனப் போட்டி வேண்டுமென்றால் அதைத் தனியாக நடத்தலாமே. 2022இல் வாரத்துக்கு 4 லீற்றருக்காகப் பெற்றோல் செட் வரிசையில் நின்ற எங்களுக்கு, கோடிகளைக் கொட்டி நடத்தும் பந்தயத்தில் பெற்றோலை அளந்து ஊற்றுவது கேலிக்கூத்தாகவே தெரிகிறது. நமது மலையகப் பந்தயங்களுக்கும் நாளை இதைக் கொண்டுவந்துவிடுவார்களோ?

– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: கட்டுப்பாடு தேவைதான். ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

சிக்கனம் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுவோம். மோட்டோ ஜிபி இயந்திரத்தின் தாங்கியில் இப்போது 22 லீற்றர் வரை ஊற்றலாம். தட்டுப்பாட்டுக் காலத்துக் கியூ ஆர் பங்கீட்டு அட்டையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த வாரப் பங்கான 4 லீற்றரைக் கொண்டு கணக்கிட்டால், அது ஐந்தரை வாரப் பெற்றோல். அங்கே அது முக்கால் மணி நேரத்துக்குள் எரிந்து முடிகிறது. ஜப்பானின் மொட்டேகி ஓடுபாதையில் 24 சுற்றுகளுக்கு ஏறக்குறைய 115 கிலோமீற்றர். அதாவது லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் சொச்சம். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிப்போகும் சாதாரண மோட்டார் சைக்கிள்கூட அதைப்போலப் பல மடங்கு தூரம் ஓடும். போதாததற்கு, அந்த இயந்திரங்களையும் உபகரணங்களையும் கண்டம் விட்டுக் கண்டம் ஏற்றிச் செல்லும் விமானங்கள் எரிப்பதோடு ஒப்பிட்டால், பந்தயத்தில் எரிவது கணக்கிலேயே வராது. எனவே இந்த விதியைச் சுற்றுச்சூழல் சேவையாக யாரேனும் விளம்பரப்படுத்தினால், நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ஆனால் விதியின் உண்மையான வேலை வேறு. ஓர் எஞ்சினின் பலம் என்பது அது ஒரு நொடியில் எவ்வளவு பெற்றோலைக் காற்றோடு சேர்த்து எரிக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. பொறியியலாளரின் கையைக் கட்டாமல் விட்டால், அவர் சுழற்சி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். வேகமும் கூடிக்கொண்டே போகும். 2023இல் இத்தாலியின் முஜெல்லோ ஓடுபாதையில் பிராட் பைண்டர் என்ற வீரர் மணிக்கு 366.1 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டார். வேகம் ஏறுகிறது என்பதற்காக ஓடுபாதையின் ஓரச் சுவர்களை ஆண்டுதோறும் பின்னால் தள்ளி வைக்க முடியாது. 1000 சிசிக்கு மேல் கூடாது, நான்கு சிலிண்டருக்கு மேல் கூடாது, சிலிண்டரின் விட்டம் 81 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது, எல்லோருக்கும் ஒரே நிறுவனத்தின் டயர் என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பெற்றோல் அளவும் அதே வரிசையில் நிற்கும் ஒரு விதிதான்.

உங்கள் பக்கம் நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அது சிறிய இடமல்ல. அளவை அளவுக்கு மீறி இறுக்கினால், பந்தயம் வீரரின் கையிலிருந்து, எஞ்சினை ஆட்டிவைக்கும் கணினியின் கைக்குப் போய்விடுகிறது. பெற்றோலை மிச்சம் பிடிக்க, கலவையில் பெற்றோலைக் குறைத்துக் காற்றைக் கூட்டுவார்கள். வளைவுக்கு முன் அக்சிலேற்றரை மூடியதும் பெற்றோல் தெளிப்பையே நிறுத்திவிடுவார்கள். மீண்டும் திறக்கும்போது பலம் சீராக வராமல் ஓர் உதறலோடு வந்து சேரும். இயந்திரம் 60 பாகைக்கும் மேல் சாய்ந்து, உள்ளங்கை அகலமே உள்ள டயர்ப் பகுதி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கணத்தில் அந்த உதறல் வந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் இறம்பொடை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் முச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: மிச்சமானது சில சொட்டுப் பெற்றோல், கைவிட்டுப் போனது, இறக்கத்தில் வண்டியை இழுத்துப் பிடிக்கும் கியரின் துணை. பந்தயத்திலும் பெற்றோல் மிச்சம் பிடிக்கப்படுவது கட்டுப்பாடு மிகவும் தேவைப்படும் இடத்தில்தான்.

இந்த உதறலைக் கணினி நிரல் கொண்டு மழுப்பலாம். அதற்குப் பெரும் பணம் வேண்டும். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 2002இல் நான்கு வீச்சு எஞ்சின்கள் வந்தபோது 24 லீற்றர், 2005இல் 22, 2007இல் எஞ்சின் 800 சிசியாகச் சுருங்கியபோது 21. அந்த ஆண்டு டுகாட்டி நிறுவனத்தின் வண்டியில் ஓடிய கேசி ஸ்டோனர் 18 பந்தயங்களில் பத்தை வென்றார். மற்றவர்கள் 21 லீற்றருக்குள் பலத்தைத் தேடித் திண்டாடினார்கள். 2014இல் நடந்ததோ ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. சொந்த நிரல் எழுதிக்கொள்ளும் ஹொண்டா, யமஹா தொழிற்சாலை அணிகளுக்கு 20 லீற்றர். அமைப்பாளர்கள் கொடுத்த நிரலை ஏற்றுக்கொண்டவர்களுக்கு 24 லீற்றர், மென்மையான டயர், கூடுதல் எஞ்சின்கள். ஒரே பந்தயத்தில் இரு அளவு. முடிவு என்ன தெரியுமா? 20 லீற்றர் ஹொண்டாவில் ஓடிய மார்க் மார்க்கெஸ் முதல் பத்துப் பந்தயங்களையும் தொடர்ந்து வென்றார். 24 லீற்றர்க்காரர்களில் பலரின் எஞ்சின்களுக்கே பலம் குறைவு என்பது உண்மைதான். அதையும் கழித்துப் பார்த்தால்கூட, இறுக்கமான அளவு பணக்கார அணிகளைக் கட்டிப்போடவில்லை என்பது தெளிவு. அளவு எவ்வளவு இறுகுகிறதோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு சொட்டின் விலையும் ஏறுகிறது. அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம்.

2016இல் எல்லோருக்கும் ஒரே நிரல், எல்லோருக்கும் 22 லீற்றர் என்று கொண்டுவந்ததை ஆகச் சரியான ஏற்பாடாக நான் கருதுகிறேன். அளவு இருக்கிறது, ஆனால் கழுத்தை நெரிக்கவில்லை. 2019 மொட்டேகியில் மார்க்கெஸ் வென்று கொடியைத் தாண்டிய பிறகு, திரும்பி வரும் சுற்றில் பெற்றோல் தீர்ந்து வண்டி நின்றது. சிலர் அதைச் சிரிப்புச் செய்தியாக எழுதினார்கள். எனக்கோ அது மிச்சம் வைக்காமல் போட்ட கணக்காகத் தெரிந்தது. மிகுதியைச் சுமந்து ஓடுவதும் வேகத்தைத் தின்னும் அல்லவா? லீற்றருக்கு முக்கால் கிலோ வைத்துப் பார்த்தால் 22 லீற்றர் பதினாறரைக் கிலோ. இதே காரணத்தால், விதியை நாளைக்கே நீக்கினாலும் எவரும் 40 லீற்றர் ஊற்றிக்கொண்டு புறப்படப் போவதில்லை. நீங்கள் கேட்கும் சுதந்திரம் உண்மையில் சில லீற்றர் சுதந்திரம்தான்.

2027இல் எஞ்சின் 850 சிசியாகவும் தாங்கி 20 லீற்றராகவும் குறைகின்றன. எஞ்சினும் சேர்ந்து சிறுப்பதால் இதை 2014இன் இறுக்கத்தோடு ஒப்பிட வேண்டாம். ஐல் ஒஃப் மேன் தீவின் சீனியர் டிடி வீதிப் பந்தயம் போல, இடையில் நின்று பெற்றோல் நிரப்பிக்கொள்ளும் முறையை ஏன் வைக்கக் கூடாது என்று அடுத்து நீங்கள் கேட்கலாம். அங்கே ஒரு சுற்றே 60 கிலோமீற்றர். நிரப்பாமல் முடிக்க முடியாது. முக்கால் மணி நேரப் பந்தயத்தில் அதைப் புகுத்தினால் தீப்பிடிக்கும் வாய்ப்பைத்தான் கூட்டுவோம்.

மலையகத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு இடமே இல்லை. தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில்லில் மோட்டோகுரொஸ் ஓட்டங்கள் குறுகியவை. நுவரெலியாவின் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் ஒவ்வொருவராகக் கடிகாரத்தை எதிர்த்து ஏறி, சில நிமிடங்களுக்குள் முடித்துவிடுகிறார்கள். இரண்டிலுமே தாங்கி காலியாகும் முன் ஓட்டம் முடிந்துவிடும் என்பதால், அங்கே அளவு வைத்தாலும் அது எவரையும் தொடாது.