பெல்ஜிய ஸ்ட்ராங் பீரில் அப்படி என்ன ருசி? எனக்குக் காட்டம் மட்டும்தான் தெரிகிறது

சில்லென்று குளிரவைத்து, பாட்டிலில் வாய் வைத்தே குடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் குடித்தால் யாருக்கும் காட்டம்தான் தெரியும். இந்த பீரின் ருசியில் பாதிக்கு மேல் வாசனை. 4 டிகிரியில் அது எழும்பாது; எழும்பினாலும் பாட்டிலின் குறுகிய கழுத்தைத் தாண்டி மூக்குக்கு வராது. மிஞ்சுவது ஆல்கஹாலின் எரிச்சலும் வாயுவின் குத்தலும்தான்.

வெஸ்ட்மால் டிரிப்பல் (ஆல்கஹால் 9.5 சதவீதம்) போன்ற பொன்னிற வகைக்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரி. ரோஷ்ஃபோர் 10 (11.3 சதவீதம்) போன்ற கருத்த வகைக்கு 12 முதல் 14. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, அறைச் சூட்டைப் பொறுத்து முதல் வகையைக் கால் மணி நேரமும் அடுத்ததை அரை மணி நேரத்துக்கு மேலும் வெளியே வையுங்கள்.

வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகிய கிளாஸ் வேண்டும். சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நுரையைக் கொன்றுவிடும் என்பதால், ஊற்றுவதற்கு முன் வெறும் தண்ணீரில் அலசுங்கள். ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேண்டவே வேண்டாம். இந்த பீர்களில் பல பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிப்பவை. வாயு அதிகம், அடியில் ஈஸ்ட் வண்டலும் இருக்கும். முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, கிளாஸைச் சாய்த்து மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு சென்டிமீட்டரை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். வண்டல் கெடுதல் இல்லை, ஆனால் டிரிப்பலின் தெளிவைக் கெடுத்து மாவு ருசியைக் கொடுக்கும்.

குடிப்பதற்கு முன்பே முகருங்கள். வாழைப்பழம், பேரிக்காய், கிராம்பு, மிளகு எல்லாம் வரும். மசாலா போட்டிருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். சில பீர்களில் போடுவது உண்டுதான், ஆனால் பெரும்பாலும் இது அந்த ஈஸ்டின் வேலை. கருத்த வகையில் உலர்திராட்சையும் அத்தியும் கருகிய சர்க்கரையும் வரும். பிறகு சிறு வாயாக எடுத்து, நாக்கில் பரப்பி, விழுங்கியதும் மூக்கு வழியே மூச்சை விடுங்கள். உண்மையான ருசி அந்த மூச்சில்தான் இருக்கிறது.

இந்த பீர்களைக் காய்ச்சும்போது சர்க்கரை சேர்ப்பதைக் கலப்படம் என்று இகழ்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. சர்க்கரை முழுக்க நொதித்துவிடுவதால்தான் 9 சதவீதத்திலும் பீர் வாயில் கனக்காமல், உலர்வாக முடிகிறது. அத்தனை ஆல்கஹாலையும் மால்ட்டிலிருந்தே (முளைகட்டிய தானியம்) எடுத்தால் பாகு மாதிரி ஒட்டும்.

நீங்கள் குடித்தது உண்மையிலேயே மோசமான பீராகவும் இருக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனையோ தொண்டையைச் சுடும் காட்டமோ இருந்தால், பெரும்பாலும் நொதித்தலின் தொடக்கத்தில் சூடு கட்டுக்கடங்காமல் போயிருக்கும். நனைந்த அட்டை வாசனை என்றால் ஆக்ஸிஜன் புகுந்திருக்கிறது. அழுகிய நாற்றம் என்றால் வெளிச்சம் பட்டிருக்கிறது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பச்சைப் பாட்டில்களைக் குழல்விளக்குக்கு நேர் கீழே மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும் கடைகளுக்கு என்னதான் அக்கறை? ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) மீது ஒளி பட்டால் கெடும், அதைத் தடுப்பதில் பழுப்புப் பாட்டிலே மேல். அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுங்கள்.

குடிப்பதைப் பெருமைப்படுத்துகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 9.5 சதவீத 330 மில்லியில் சுமார் 31 மில்லி சுத்த ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவு 5 சதவீத பீரில் 16.5 மில்லிதான். ஒரு பாட்டிலை இரண்டாகவே கணக்கில் வையுங்கள். திறந்ததை மூடி வைத்தால் மறுநாள் வாயு போய்விடும், அதனால் இருவர் பகிர்வதே நல்லது. அப்போதும் இரண்டு கிளாஸையும் பக்கத்தில் வைத்து, பாட்டிலை நடுவில் நிமிர்த்தாமல் ஒரே சாய்ப்பில் ஊற்றுங்கள். நிமிர்த்தினால் வண்டல் கலங்கி, இரண்டாவது கிளாஸுக்கு மொத்தமாகப் போய்ச் சேரும்.