பதில்: காசதாலூர்ல அருவி தவிர பாக்க என்ன இருக்கு?

பரோ தீவுல (வட அட்லாண்டிக் கடல்ல இருக்கு) அரை நாள்தான் இருக்கு, காசதாலூர்ங்கற அந்த சின்ன ஊருக்குப் போனா அருவி போட்டோ எடுத்துட்டு திரும்பிடலாமான்னு கேட்டிருக்கீங்க. திரும்பிடாதீங்கங்க. 2004 வாக்குல மலையக் குடைஞ்சு டனல் போடற வரைக்கும் அந்த ஊருக்கு கார் ரோடே கிடையாது, 400 மீட்டருக்கு மேல மலை ஏறி இறங்கணும், தபால்காரர் வாரத்துக்கு 3 தடவை அப்படித்தான் நடந்தே வந்து போயிருக்காரு. கடல் பக்கமும் செங்குத்து பாறை, அதனால மீன் பிடிக்கிறவங்க படகை பக்கத்து ஊரு போவுர்லதான் விட்டு வைக்கணும். 1940-ல பிரிட்டிஷ் ராணுவம் வந்தப்புறம்தான் தண்ணிலேர்ந்து மேல வர படிக்கட்டே கட்டுனாங்க.

எனக்கு மனசுல நின்னது வேற. 1873 வரைக்கும் ஊர்ல இடுகாடு இல்ல, யாராவது செத்தா பெட்டிய தூக்கிட்டு அதே மலை தாண்டி போவுருக்கு போகணும். பாதையில பெட்டிய இறக்கி வச்சு மூச்சு வாங்குற கல்லு ஒண்ணு இருக்கு, பேரே பிணக்கல்லுதான்.

அந்தப் பழைய பாதையிலயே நடக்கலாம், ஆனா ஊர்ப்பக்கம் இறக்கம் ரொம்ப செங்குத்து, மழையோ மூடுபனியோ இருந்தா பேசாம டனல் வழியா போயிடுங்க (ஒத்த லேன்தான், எதிர்ல லைட் தெரிஞ்சா ஒதுங்குற இடம் பாத்து நிறுத்துங்க). ஊர்ல இருக்கறது இருபது பேர்கூட தேறாது, வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கறது, புல்லு வயல்ல இறங்கறது வேணாம், அது ஆட்டுக்கு குளிர்காலத் தீவனம்.