கப்பல் பயணத்துக்கு முன் எந்த ஊசி, யாருக்கு?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66. அவருடைய மனைவிக்கு வயது 61. பத்து ஆண்டுகளாக இனிப்பு நீர் இருக்கிறது, மாத்திரையால் கட்டுக்குள் வைத்திருக்கிறார். ஜொகூர் பாருவில் வேலை செய்யும் மகன், பெற்றோரையும் தன் மனைவியையும் பத்து மாதக் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டுத் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டார். புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. "கோயிலில் சந்தித்த நண்பர், ஆறு ஊசி போடாமல் கப்பலில் காலை வைக்காதே என்கிறார். என் மைத்துனரோ, பக்கத்து ஊருக்குப் போய் வர ஊசி எதற்கு என்று சிரிக்கிறார். ஒரு கிளினிக்கில் விசாரித்தால் நீளமான பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். யார் பேச்சைக் கேட்பது?" என்பது அவருடைய கேள்வி. ஊசி போட்டால் பத்தியம் உண்டா என்று மனைவி கேட்கச் சொன்னதாகவும் கடிதத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது.

ஐயா, உங்கள் நண்பரும் மைத்துனரும் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், சட்டம் கேட்கும் ஊசியையும் உடம்பு கேட்கும் ஊசியையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த காலத்தில் சட்டம் கேட்டதுதான் முதன்மையாக இருந்தது: அம்மை குத்திய தழும்பைக் காட்ட வேண்டும், கப்பலில் நோய் கண்டால் கரை சேருமுன் பினாங்குக்கு அருகிலுள்ள ஜெரெஜாக் தீவில் நாள் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். ரஜுலா கப்பலில் வந்த பெரியவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்திருந்தால் இதைக் கதை கதையாகச் சொல்லியிருப்பார்கள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகு அந்தச் சான்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

இன்று எல்லையில் சட்டப்படி கேட்கப்படும் ஊசிகளில் முக்கியமானது மஞ்சள் காய்ச்சலுக்கானது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களில் அந்நோய் நிலவும் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும், அங்கிருந்து வருகிறவர்களுக்கும் உரியது அது. சான்று செல்லுபடியாக, பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 2016 ஜூலை முதல் ஒரு தடவை போட்ட சான்று வாழ்நாள் முழுவதும் செல்லும். உங்கள் பயணப் பாதையில் அந்நோய் இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதன்முறையாக இதைப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பின்விளைவுகள் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், "இருக்கட்டுமே" என்று போட்டுக்கொள்ளும் ஊசியும் அன்று. பட்டியலில் அது இருந்தால் நீக்கிவிடுங்கள். கப்பல் நிறுவனங்கள் தமக்கென்று தனி விதி வைத்திருக்கலாம், அவை அவ்வப்போது மாறவும் செய்யும். ஆகவே பயணச்சீட்டின் நிபந்தனைகளை மகன் ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுவது நல்லது.

இனி உடம்பு கேட்கும் ஊசிக்கு வருவோம். கப்பல் என்பது ஆயிரக்கணக்கானோர் ஒரே கூடத்தில் உண்டு, ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கி, ஒரே அகப்பையை மாறி மாறிப் பிடித்துச் சோறு எடுத்துப் போட்டுக்கொள்ளும் இடம். மூச்சு வழியாகவும் கை வழியாகவும் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான இடம் அமையாது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்ட டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கோவிட் தொற்றியதை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே உங்கள் இருவருக்கும் நான் முதலில் சொல்வது, பெயரைக் கேட்டாலே பயம் தரும் தூரதேசத்து நோய்க்கான ஊசி எதையும் அன்று. நம் ஊர்க் கிளினிக்கிலேயே கிடைக்கும் இன்ஃபுளுவென்சா ஊசியைத்தான்.

இந்தச் சளிக்காய்ச்சலைச் சாதாரணத் தடுமம் என்று எண்ணிவிட வேண்டாம். வயதானவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரை கொண்டுபோகும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சர்க்கரையை எகிற வைத்து, மருத்துவமனைப் படுக்கை வரை இழுத்துச் செல்லும். ஊசி முழுக் கவசம் என்று நான் சொல்ல மாட்டேன்: பரவும் கிருமியோடு நன்கு பொருந்திய ஆண்டுகளில் நோயை 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கும், வந்தாலும் கடுமையைத் தணிக்கும். எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குளிர்நாடுகளைப் போல நமக்குக் காய்ச்சல் பருவம் என்று ஒன்று தனியாக இல்லை, ஆண்டு முழுவதும் பரவுகிறது. ஊசியின் பலனோ சில மாதங்களில் தேயத் தொடங்குகிறது. எனவே சென்ற ஆண்டு போட்டுக்கொண்டேனே என்று இருந்துவிடாமல் இந்த முறையும் போட்டுக்கொள்ளுங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கென்று வீரியம் கூட்டிய வகை ஒன்றும் உண்டு. கிடைத்தால் உங்களுக்கு அது நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன், அறுபது வயதுக்கு மேல் இனிப்பு நீர் போன்ற நோய் உள்ளவர்களுக்கு இலவசமாகக் கிடைக்குமா என்று அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் உங்கள் மனைவி கேட்டுப் பார்க்கட்டும்.

அதே நாளில் மற்றொரு கையில், நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் கிருமி ஒன்றுக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசியையும் போட்டுக்கொள்ளலாம். 65 வயதைத் தாண்டியதால் உங்களுக்கும், இனிப்பு நீர் காரணமாக உங்கள் மனைவிக்கும், பயணம் இல்லாவிட்டாலும் தேவையான ஊசிதான் இது. சில வகைகளில் ஒரே ஊசியோடு வேலை முடிந்துவிடும்; சில வகைகளில் பின்னர் வேறொன்று போட வேண்டியிருக்கும். எந்த வகை என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கோவிட் ஊசியைப் பொறுத்தவரை, கடைசி ஊசி எப்போது என்பதை மைசெஜாத்ரா கைப்பேசிச் செயலியில் பார்த்து, ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடியும் போடுவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

பட்டியலில் அக்கி ஊசியும் இருந்தால் வியப்பில்லை. ஐம்பது வயதுக்கு மேல் அது நல்ல ஊசிதான். ஆனால் இரண்டு தவணைக்கும் இடையில் இரண்டு முதல் ஆறு மாதம் விட வேண்டியிருப்பதால், ஐந்து வாரத்தில் கப்பலேறுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. திரும்பி வந்த பிறகு நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

கல்லீரல் அழற்சி ஏ, டைபாய்டு ஆகிய இரண்டும் உணவாலும் நீராலும் பரவுபவை. இவற்றில்தான் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. லயத்து வீட்டில் கிணற்றுத் தண்ணீர் குடித்து, வாளிக் கக்கூஸ் காலத்தில் வளர்ந்த உங்கள் தலைமுறையில் பெரும்பாலோருக்கு, சிறு வயதிலேயே கல்லீரல் அழற்சி ஏ வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் முடிந்து, ஆயுளுக்கும் எதிர்ப்பாற்றல் நிலைத்திருக்கும். குழாய்த் தண்ணீரில் வளர்ந்த உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் அது இருக்க வாய்ப்புக் குறைவு. வயது வந்தபின் வந்தால் இந்நோய் குழந்தைகளைவிடப் பெரியவர்களைத்தான் அதிகம் வாட்டும். ஆகவே இந்த ஊசி தேவைப்படக்கூடியவர்கள் இளையவர்களே, மூத்தவர்கள் அல்லர். முதல் தவணை இப்போது, இரண்டாவது ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள். உங்களுக்கு ஐயம் இருந்தால் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

டைபாய்டு ஊசி நம் ஊரில் உணவுக்கடைக்காரர்களுக்குப் பழக்கமானது. உணவைக் கையாள்பவர்கள் கட்டாயம் போட வேண்டிய ஊசி என்பதால் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் உறவினர் யாரையாவது கேட்டாலே விவரம் சொல்வார். கப்பலிலேயே சாப்பிட்டு, புக்கெட்டில் ஒரு பகல் மட்டும் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அது அவசியம் என்று நான் கருதவில்லை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கப்பலுக்கு என்ன ஊசி என்று கேட்டு வருகிற பலர், பழனிக்கும் திருச்செந்தூருக்கும் இராமேசுவரத்துக்கும் மூன்று வாரம் போய் வரும்போது எதையும் கேட்பதில்லை. டைபாய்டு ஊசி உண்மையில் அந்தப் பயணத்துக்குத்தான் வேண்டும், போவதற்கு இரண்டு வாரம் முன்னதாக.

ஊசியே இல்லாத ஒரு நோயைப் பற்றியும் எழுதாவிட்டால் இந்தப் பதில் அரைகுறையாகிவிடும். கப்பல்களில் கூட்டம் கூட்டமாக வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதாகச் செய்தி வந்தால், பெரும்பாலும் அது நோரோவைரசின் வேலை. மிகச் சில கிருமிகள் வாய்க்குள் போனாலே போதும். 12 முதல் 48 மணி நேரத்தில் ஆளைக் கிடத்திவிடும். உணவுக்கூட வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவத்தைக் கையில் தடவிக்கொண்டால் தப்பித்துவிடலாம் என்று நம்பாதீர்கள், இந்தக் கிருமிக்கு அது சரிவர வேலை செய்யாது. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் இருபது வினாடியாவது கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும், குறிப்பாகப் பொது அகப்பையைப் பிடித்த பிறகு சோற்றில் கை வைப்பதற்கு முன்; நாம் கையால் சாப்பிடுகிறவர்கள் அல்லவா. யாருக்காவது வந்துவிட்டால் மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்லி, நின்ற பிறகும் 48 மணி நேரம் அறையிலேயே இருப்பது நல்லது.

உங்கள் மனைவிக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். வாந்தியும் போக்கும் கடுமையாகி உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபோர்மின் போன்ற இனிப்பு நீர் மாத்திரைகளையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். கிளிக்கிளசைட் போன்றவற்றைச் சாப்பிடாத வயிற்றில் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எதை எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதைத் தாமாக முடிவு செய்யாமல், வழக்கமாக அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் புறப்படுவதற்கு முன்பே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் பத்து, சர்க்கரை பார்க்கும் கருவி, இரண்டு நாளுக்குக் கூடுதலான மாத்திரை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம்.

புக்கெட்டில் இறங்கும்போது குரங்குகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. முன்கூட்டியே ஊசி தேவையில்லை, ஆனால் சுற்றுலாப் பயணிகளைக் கண்டு பழகிய குரங்குக்கு வாழைப்பழம் நீட்டிக் கடி வாங்கி வருகிறவர்கள் உண்டு. தாய்லாந்தில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. குரங்கோ நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், உடனே சவர்க்காரமும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, கப்பல் புறப்பட்டுவிடுமே என்று அஞ்சாமல், அன்றே ஊசி சிகிச்சையைத் தொடங்க வேண்டும். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு ஏறத்தாழ யாரும் பிழைப்பதில்லை.

குழந்தைக்கு வருகிறேன். முதலில், அந்த வயதுக் குழந்தையை ஏற்றிக்கொள்வார்களா என்று கப்பல் நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பல நிறுவனங்கள் ஆறு மாதத்தைக் குறைந்தபட்ச வயதாக வைத்திருந்தாலும், சில பயணங்களுக்கு ஓராண்டு நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். நம் நாட்டு அட்டவணைப்படி ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். விட்டுப் போயிருந்தால் இந்த வாரமே போடுங்கள். ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு இன்ஃபுளுவென்சா ஊசியும் போடலாம். ஆனால் முதன்முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். உங்களிடம் இருப்பதோ ஐந்து வாரம். ஆகவே வீட்டில் வேறு எவரைவிடவும் அவசரம் குழந்தைக்குத்தான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகன் சொன்னால் விடாதீர்கள். மருமகள் மீண்டும் கருவுற்றிருக்கும் வாய்ப்பு இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லட்டும்: அந்நிலையில் தட்டம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் கூடாது, இன்ஃபுளுவென்சா ஊசி போடலாம்.

தோட்ட வாழ்க்கையில் செம்பனை முள் ஏறியோ ஆணி குத்தியோ தோட்ட மருந்தகத்து டிரஸ்ஸரிடம் போய் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளாதவர் குறைவு. கடைசியாகப் போட்டுப் பத்து ஆண்டு ஆகிவிட்டதா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்; ஆகியிருந்தால் கிளினிக்குக்குப் போகும் அன்றே அதையும் முடித்துக்கொள்ளலாம்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு: பத்தியம் எதுவும் கிடையாது அம்மா. மீன், முட்டை, கத்தரிக்காய் எதையும் ஒதுக்க வேண்டாம், அன்றே தலைக்குக் குளிக்கலாம். காலைப் பசியாறிவிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டே வாருங்கள். ஊசிக்குப் பின் கால் மணி முதல் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார்ந்திருங்கள். அரிதாக ஒவ்வாமை வருவதானால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். கை ஓரிரு நாள் வலிக்கும், சற்று உடம்பு சுடலாம், பாரசிட்டமோல் போதும். சர்க்கரை ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் ஏறிக் காட்டினால் பதற வேண்டாம். மூன்றாம் நாளும் இறங்காவிட்டால் கிளினிக்குக்கு வந்து காட்டுங்கள்.