பழைய படக் காட்சிக்குத் தரகரிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறேன். ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்திலிருந்து இரண்டு காட்சிகளும் ஒரு பாடலும் வேண்டும். நெகட்டிவ் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் ஒருவர் 50,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: காட்சிகளுக்காக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். இந்தப் படம் வந்தது 1956இல். உரிமை 2016 டிசம்பர் 31உடன் தீர்ந்துவிட்டது. தீர்ந்துபோன உரிமையை எவராலும் விற்க முடியாது.

நெகட்டிவ், அதாவது மூலப் பிலிம்சுருள், இருக்கும் பெட்டி ஒருவர் கையில் இருப்பதால் மட்டும் உரிமை அவருடையது ஆகிவிடாது. பிலிம் கழுவும் லேபின் பாக்கிக்கும் பைனான்சியர் கடனுக்கும் கைமாறிய பெட்டிகள் கோடம்பாக்கத்தில் ஏராளம். அதைக் காட்டித்தான் விவரம் தெரியாதவர்களிடம் பணம் பறிக்கிறார்கள். நாளை, உரிமை இன்னும் தீராத வேறொரு பிந்தைய படத்துக்காக இவர்களிடம் போக நேர்ந்தால், முத்திரைத்தாளைப் பார்த்து மயங்காமல் உள்ளே இருப்பதைப் படியுங்கள். 1995க்குப் பின் எழுதிய உரிமை மாற்றுப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுதான் செல்லும். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். ‘சகல உரிமைகளும்’ என்ற ஒற்றை வரியை நம்பி வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்கு அனுப்பிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

பாடல்தான் சிக்கல். படத்தின் உரிமை முடிந்தாலும் மெட்டின் உரிமை தனியாக உயிரோடு இருக்கும். அது இசையமைப்பாளர் மறைந்தபின் 60 ஆண்டுகள். இந்தப் படத்துக்கு இசையமைத்த சுசர்ல தட்சிணாமூர்த்தி 2012இல் காலமானார். ஆகவே 2072 முடியும்வரை அந்த மெட்டு பாதுகாப்பில் இருக்கிறது. அது இன்று தயாரிப்பாளரின் வாரிசிடமா, இசைத்தட்டு நிறுவனத்திடமா, இசையமைப்பாளரின் குடும்பத்திடமா என்பது பழைய ஒப்பந்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். படத்துக்குப் படம் இதை ஒரே இடத்தில் பார்க்க ஒரு பட்டியல் வைத்திருக்கக்கூடாதா? பதிவு கட்டாயமில்லை என்று சட்டம் விட்டுவிட்டது. அலைவது உங்களைப் போன்றவர்கள்.

ஆனாலும் வழி இருக்கிறது. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. ‘அலிபாபா’ கேவா கலர் என்ற வண்ணப் பிலிமில் வந்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். பாடல் காட்சியில் வண்ணத்தை எப்படிக் கையாண்டார்கள் என்று உங்கள் குரல் விளக்கிக்கொண்டிருக்க, அதற்குத் தேவையான அளவு மட்டும் காட்டுங்கள், அது விமர்சனம். அதே பாடலை, ஏற்காடு சாலையில் ஸ்டூடியோவின் எச்சமாக நிற்கும் நுழைவு வளைவைக் காட்டும்போது பின்னணியாக ஓடவிட்டால் அது வெறும் அலங்காரம். அதற்கு அனுமதி வேண்டும். ‘முப்பது நொடிக்குள் என்றால் யாரும் கேட்க முடியாது’ என்று எடிட்டிங் அறையில் சொல்வார்கள். அப்படி ஒரு விதி சட்டத்தில் எங்கும் கிடையாது. பத்து நொடிக்கும் வழக்கு வரலாம்.

யூடியூபில் ஏற்றியதும், உரிமையே இல்லாத ஏதோ ஒரு சேனல் காட்சிகளுக்கு உரிமை கோரக்கூடும். யூடியூபின் தானியங்கி இயந்திரம் அவர்கள் பக்கம் நிற்கும். நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அநியாயம்தான், ஆனால் பயந்து காட்சியை வெட்டாதீர்கள். வெளியீட்டு ஆண்டைக் குறிப்பிட்டு ஆட்சேபம் எழுதுங்கள். அதற்கு ஆதாரமாக அந்நாளைய செய்தித்தாள் விளம்பரத்தின் நகலை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.