லேயில் நின்று பார்த்தால் தெரியும் மலைகள் எந்தெந்தத் தொடரைச் சேர்ந்தவை?

லடாக்கில் எல்லாவற்றையும் "இமயமலை" என்று சொல்லிவிடுகிறோம். அது முழுப் படம் அல்ல. சிந்து நதியை அடையாளமாக வைத்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

லே நகரம் நதிக்கு வடக்கே, சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரத்தின் முதுகுப்பக்கம் எழுவது லடாக் மலைத்தொடர். இது பெரும்பாலும் கருங்கல் வகைப் பாறை. பூமிக்கடியில் உருகிய குழம்பு ஆறி இறுகியது. கர்துங் லா கணவாய் இதன் மேல்தான் இருக்கிறது. அதைக் கடந்தால் நுப்ரா பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் காரகோரம் மலைத்தொடர். 7,672 மீட்டர் உயரமுள்ள சாசேர் காங்ரி அங்கேதான்.

இனி தெற்கே திரும்புங்கள். நதிக்கு அக்கரையில் பனித்தொப்பியுடன் நிற்பது ஸ்டோக் காங்ரி. அதற்குப் பின்னால் சன்ஸ்கார் தொடர். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பக்கம்தான். டெதிஸ் என்ற பழங்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கல் இங்கே மலையாகி நிற்கிறது. நிம்முவுக்கு அருகில், சன்ஸ்கார் ஆறு சிந்துவில் கலக்கும் இடத்தில், பாறை அடுக்குகள் செங்குத்தாகச் சாய்ந்து நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இந்தியாவைச் சுமந்து நகரும் பூமியின் மேலோட்டுத் துண்டு, அதாவது இந்தியத் தட்டு, ஆசியாவோடு மோதிய விசைதான் அப்படிச் சாய்த்தது.

நுன் (7,135 மீட்டர்), குன் (7,077 மீட்டர்) சிகரங்கள் லேயிலிருந்து மிகவும் தொலைவு. அவற்றைப் பார்க்க கார்கில் வழியாகச் சுரு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.